பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்கு மதர் செலினுடன்

சென்ற வருஷம், 1968 மே மாதம், கோடை விடுமுறை பாதி கழிந்திருந்த சமயம். காலை ஆறரை மணிக்குத் தஞ்சாவூர் ஸ்டேஷனில் நானும் மதர் செலினும் திருச்சி பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்தோம். மதரின் கையில் ஒரு கறுப்புக் குடை. என் கையில் எலுமிச்சை சாதப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவும் வைத்த பை. மாலை வண்டியில் திரும்பிவிடுவதாக மடத்தில் சொல்லியிருந்தோம்.

மதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் திருச்சியில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்தேன். எங்கள் ஊர் துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரம். பெண் பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் அங்கே கிடையாது என்பதால், சாமி கும்பிடுவதில் ஒரு நாளும் தவறாத என் அப்பா என்னைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த போர்டிங்குக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் மதர் செலின். புதுச்சேரிக்காரர். நல்ல உயரம். குரலை உயர்த்திப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் அவர் படியேறும் சத்தம் கேட்டால் மாடி முழுதும் அடங்கிவிடும்.

பள்ளி இருந்த இடம் மடத்துக்குச் சொந்தமானதல்ல. யாரோ ஒரு வியாபாரக் குடும்பம் நெடுங்காலக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம். குத்தகை முடிந்ததும் வாரிசுகள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. பள்ளியை மூடி, கன்னியர்களை ஊருக்கு ஒருவராக அனுப்பினார்கள். மதர் தஞ்சாவூருக்கு வந்தார். நான் அப்போது அதே தஞ்சாவூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். முன்பு யாருடைய காலடிச் சத்தத்துக்குப் பயந்தேனோ, அவரோடு ஆசிரியர் அறையில் ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

திருச்சி வெறும் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் வந்ததிலிருந்து மதர் ஒரு முறைகூட அங்கே போகவில்லை. அந்த மே மாதம் திடீரென்று, "திருச்சிக்குப் போய் அந்த இடத்தைப் பார்க்கணும். துணைக்கு வரியா கமலம்?" என்று கேட்டார். ஏன் இப்போது என்று நான் கேட்கவில்லை.

வண்டி இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலக்குடி, பூதலூர், சோளகம்பட்டி என்று எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகிற வண்டி. அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. எஞ்சின் புகையோடு வந்த கரித்தூள் மதரின் வெள்ளை அங்கியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவர் தட்டிவிடவும் இல்லை. எதிரில் இருந்த இளைஞர் திருவெறும்பூரில் புதிதாக வந்திருக்கும் பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது என்றார். முன்பு பொட்டலாகக் கிடந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் கட்டுவதைக் கையை நீட்டிக் காட்டினார். மதர் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்களா, எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்தார். இளைஞருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். வெட்கப்பட்டுக்கொண்டு தெரியாது என்றார்.

பொன்மலை தாண்டி ஜங்ஷன் வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி ஆகியிருந்தது. வெளியே காப்பி குடித்தோம். டவுன் பஸ்ஸில் மெயின் கார்டு கேட் வரை ஐந்து கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து பைசா. பாலக்கரை திருப்பத்தில் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் நான் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சி அது. கார்த்திகை தீபத்தன்று உச்சியில் விளக்கேற்றும்போது, படிப்பு நேரத்தை அரை மணி முன்னதாக முடித்து, ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று மதர் அனுமதி கொடுப்பார். எங்களைப் போன்ற இந்துப் பிள்ளைகளோடு கத்தோலிக்கப் பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

தெப்பக்குளத்தின் பக்கம் நடந்து, பள்ளி இருந்த தெருவுக்குள் நுழைந்தோம். தெருவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு கடைத்தெருதான். நீளமான மதில் இருந்த இடம் முழுக்க இப்போது கடைகள். ஒரு ரெடிமேட் கடை, செருப்புக் கடை, ரேடியோக் கடை, எவர்சில்வர் பாத்திரக் கடை, நடுவே ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர். எல்லாம் ஒரே மாதிரி புதுச் சுண்ணாம்பு, ஒரே மாதிரி இரும்பு ஷட்டர். ரேடியோக் கடையிலிருந்து பாட்டு சத்தமாக வந்துகொண்டிருந்தது. கடைகள் எதற்கும் மாடி கிடையாது. எங்கள் கட்டில்கள் இருந்த உயரத்தில் இப்போது ஒன்றும் இல்லை, ஒரு சோப்பு விளம்பரப் பலகையைத் தவிர.

எது எங்கே இருந்தது என்று முதலில் பிடிபடவில்லை. வகுப்பறை வரிசையா, சாப்பாட்டுக் கூடமா என்று நானும் மதரும் ஆளுக்கொன்று சொன்னோம். பாத்திரக் கடைக்குப் பின்னால் ஒரு கிணறு தெரிந்தது. கைப்பிடிச் சுவரை இடித்து, மேலே சிமெண்ட் பலகை போட்டு, மோட்டார் வைத்திருந்தார்கள். அதுதான் எங்கள் கிணறு. கிணறு தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கல், கேழ்வரகுக் கஞ்சிக்கு மணியடிக்கும் வாசல், ஞாயிற்றுக்கிழமை அப்பாக்கள் வந்து உட்காரும் முன்னறை. அப்படியானால் மடத்தின் சின்ன மாதா கோயில் இருந்த இடம் பாத்திரக் கடை.

கடைக்காரர் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். வாங்க சிஸ்டர், என்ன பார்க்கணும் என்றார். படியேறி உள்ளே கால் வைக்கும்போது மதரின் வலது கை தானாக வலப்பக்கச் சுவரை நோக்கிப் போனது. அங்கேதான் தீர்த்தக் கிண்ணம் இருந்தது. கோயிலுக்குள் நுழைகிறவர்கள் அதில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கை ஒரு டம்ளர் அடுக்கில் பட்டது. அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

இங்கே முன்பு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்று நான் சொன்னேன். தெரியும் என்றார் கடைக்காரர். ஆனால் அவர் கடை போட வந்தபோது எல்லாம் இடித்து வெறும் தரையாக இருந்ததாம். தன் மைத்துனி அந்தப் பள்ளியில் படித்தவள் என்று சொல்லி, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் இரண்டு கலர் சோடா வரவழைத்தார். மதர் நின்றபடியே குடித்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நான் நினைத்த அளவுக்கு அவர் முகத்தில் வருத்தம் இல்லை. வேறு எதையோ தேடுகிறவர்போல இருந்தார்.

வெளியே வந்ததும், "கேட் எங்க இருந்துச்சு கமலம்?" என்று கேட்டார்.

செருப்புக் கடைக்கும் ரேடியோக் கடைக்கும் நடுவில் என்று காட்டினேன். அவர் அங்கே போய் நின்றார். வெயில் ஏறிவிட்டது. குடையை விரித்துப் பிடித்தேன்.

"ரங்கநாயகி இங்கதான் நின்னா, இல்லையா?" என்றார்.

அப்போதுதான் இந்தப் பயணம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

ரங்கநாயகி எனக்கு அடுத்த கட்டில். ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் அவள் அப்பாவுக்கு மளிகைக் கடை. தாய் இல்லாத பெண் என்பதால், வீடு ஆற்றுக்கு அக்கரையிலேயே இருந்தும் போர்டிங்கில் விட்டிருந்தார். நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனிப் படிப்பு இல்லை என்று அவள் அப்பா வந்து டிரங்குப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வகுப்பில் அவளைப்போலக் கணக்குப் போடுகிறவர் யாரும் கிடையாது. நான் டீச்சரானதற்கே அவள்தான் காரணம் என்று சொல்லலாம். பின்னங்கள் எனக்குப் புரிந்தது அவள் சொல்லித்தான்.

பெட்டி போன கொஞ்ச நாளில், ஒரு விடியற்காலை நாங்கள் முகம் கழுவ வரிசையில் நின்றபோது, காவல்காரர் கேட்டைத் திறந்தார். ரங்கநாயகி நின்றுகொண்டிருந்தாள். பாவாடை தாவணி, காலில் செருப்பில்லை, கணுக்கால் வரை மண். இருட்டிலேயே கிளம்பிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறாள். மதர் அவளை உள்ளே அழைத்துப்போய்க் காலில் தண்ணீர் ஊற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வைத்தார். நாங்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம்.

முற்பகலில் அவள் அப்பா இரண்டு உறவினர்களோடு குதிரை வண்டியில் வந்தார். மடத்தார் இந்துப் பெண்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் முன்னறையில் சத்தம் போட்டது எங்களுக்கும் கேட்டது. அரை மணி கழித்து மதரே ரங்கநாயகியின் கையைப் பிடித்துக் கேட் வரை கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தோம். அவள் அழவில்லை. வண்டியில் ஏறும் வரை மதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் படிப்பு நேரத்தில் மதர் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், ஒரு புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

"அவ வீடு உனக்குத் தெரியுமா?" என்று மதர் கேட்டார். அப்பாவின் கடை இருந்த தெரு தெரியும் என்றேன். போகலாம் என்றார்.

பதினொரு மணிக்கு மெயின் கார்டு கேட்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு. பாலத்தில் போகும்போது காவிரி முழுதும் மணல். தென்கரையை ஒட்டி மட்டும் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் எருமைகளும் சலவைக்காரர்களும். ஆடி மாதம் வந்து பார்க்கிறவர்களுக்கு இதே ஆறு என்று நம்ப முடியாது. பாதி கட்டியபடி நிற்கும் மொட்டைக் கோபுரத்தின் அடியில் பஸ் நுழைந்தபோது உள்ளே ஒரு நிமிஷம் குளிர்ந்தது. பக்கத்து சீட்டில் நாமம் போட்ட ஒரு பெரியவர் மதரின் சிலுவையைப் பார்த்துவிட்டு, கோயிலைச் சேவிக்க வந்திருக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, ஒரு பழைய மாணவியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றார் மதர். அவர், "பேஷா பாருங்கோ" என்று சொல்லி நாங்கள் இறங்க வழிவிட்டார்.

சாத்தார வீதியில் மளிகைக் கடை அதே இடத்தில் இருந்தது. கல்லாவில் ரங்கநாயகியே உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் பருத்திருந்தாள். முன்தலையில் இரண்டு மூன்று நரை. துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவள், கடைப்படியில் வெள்ளை அங்கியைப் பார்த்தாள். தராசை இறக்கவில்லை. நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டி, வந்த அம்மாளிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு எழுந்து நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மதர்," என்றாள். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்து, "கமலந்தானேடி நீ?" என்றாள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. பாய் விரித்தாள். மதருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். மோர் கொண்டு வந்தாள். அப்பா இறந்து ஐந்து வருஷமாகிறது என்றும், கணவர் வரதராஜன் காந்தி மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பதாகவும் சொன்னாள். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், ஒரே பெண், பெயர் கோதை என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னாள். மதரின் கையில் மோர் டம்ளர் அப்படியே இருந்தது.

"ரங்கநாயகி, அன்னிக்கு உங்க அப்பா வந்தப்ப நான் பயந்துட்டேன்," என்றார் மதர். "ஸ்கூலுக்கு ஏதாவது வந்துடுமோன்னு பயந்தேன். உன்னைக் கேக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ரங்கநாயகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"நீங்க அன்னிக்கு என்னை அனுப்பியிருக்கக் கூடாது மதர். நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன். அவர் நல்ல மனுஷர். கடை நடக்குது. ஆனா அதுக்காக அன்னிக்கு நடந்தது சரின்னு ஆயிடாது."

"ஆகாது," என்றார் மதர்.

வாசலில் யாரோ விளக்கெண்ணெய் கேட்டார்கள். ரங்கநாயகி எழுந்து போய் அளந்து கொடுத்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை மதரின் எதிரில் உட்கார்ந்தாள். ஸ்கூலைப் பார்த்தீங்களா என்று கேட்டாள். பார்த்தோம், கடைகளாக இருக்கிறது என்றேன். தெரியும் என்றாள். சரக்கு எடுக்கப் போன ஒரு நாள், இடித்துக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போயிருக்கிறாள். மாடிச் சுவர் விழுவதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாளாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்றாள். ஏன் என்று கணவர் கேட்டும் சொல்லத் தெரியவில்லையாம்.

நாங்கள் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை அவள் தொட விடவில்லை. முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலுமாக இலை போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோதை வந்தாள். பதிமூன்று வயதிருக்கும். அம்மாவின் அதே நெற்றி. எட்டாவது பாஸ் பண்ணியிருக்கிறாள். கணக்கில் நல்ல மார்க். இனிப் பள்ளிக்கூடம் போதும், வீட்டு வேலை பழகட்டும் என்று வரதராஜனின் அம்மா சொல்கிறாராம். உறவில் ஒரு பையனைப் பற்றிய பேச்சும் அடிபடுகிறதாம்.

இதைச் சொல்லிவிட்டு ரங்கநாயகி கொஞ்ச நேரம் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தஞ்சாவூர்ல போர்டிங் இருக்கா மதர்?"

இருக்கிறது என்றார் மதர்.

"இவளைச் சேர்த்துக்குங்க. ஆனா ஒண்ணு. இவ பாட்டி வந்து கேட்டாலும், அவர் வந்து கேட்டாலும், ஏன், எனக்கே புத்தி மாறி நானே வந்து கேட்டாலும், இவ வாயால வரேன்னு சொல்லாம இவளை அனுப்பக் கூடாது."

 மதரின் சங்கடம் எனக்குத் தெரியும். பெற்றோர் கேட்டால் பிள்ளையை அனுப்புவதுதான் போர்டிங்கின் விதி. மறுத்தால் அன்று முன்னறையில் கேட்ட அதே சத்தம் நாளைக்குத் தஞ்சாவூரில் கேட்கும். அவர் இலையை மடித்தார், கை கழுவிவிட்டு வந்தார், கோதையைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ வரியாம்மா?"

கோதை அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்க கணக்கு யாரு எடுக்கறாங்க?" என்று கேட்டாள் கோதை. மதர் என்னைக் காட்டினார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் அளந்து பார்த்துவிட்டு, "வரேன்," என்றாள்.

"சரி," என்று மதர் ரங்கநாயகியிடம் சொன்னார். "யார் வந்தாலும் முதல்ல இவளைக் கேப்பேன்."

இரண்டரை மணி சுமாருக்கு வரதராஜன் மிளகாய் மூட்டையோடு கைவண்டியில் வந்து இறங்கினார். மனைவி எல்லாவற்றையும் அவரிடம் எங்கள் முன்னிலையிலேயே சொன்னாள், அந்த நிபந்தனையையும் சேர்த்து. அவர் மூட்டையின் மேல் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டார். தன் தாயாருக்கு என்ன பதில் சொல்வது என்றார். பெண்ணைப் பிரிந்து இருக்க முடியுமா என்றார். பதிலுக்கு ரங்கநாயகி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாதாடியிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஜூன்ல கூட்டிட்டு வரோம்," என்று சொல்லிவிட்டு மூட்டையை உள்ளே தூக்கிப்போனார்.

பஸ் ஸ்டாப் வரை ரங்கநாயகி வந்தாள். வழியெல்லாம் என்னோடுதான் பேசினாள். யார் யார் எங்கே இருக்கிறார்கள், உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சம்பளம் சரியாக வருகிறதா என்றெல்லாம் கேட்டாள். பஸ் வந்தபோது மதரின் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள். நல்லா இருங்க என்றோ, பரவாயில்லை என்றோ அவள் சொல்லவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

ஐந்தரை மணி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. மதர் களைத்திருந்தார். அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. திருவெறும்பூர் தாண்டியதும் அவராகவே, "அவ சொன்னது நியாயம்," என்றார். பூதலூர் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

தஞ்சாவூரில் எங்கள் பள்ளி பெரியது. மாமரங்கள் இருக்கின்றன, மாடியிலிருந்து பார்த்தால் பெரிய கோயில் விமானம் தெரிகிறது. இரவு வாசலில் வந்து இறங்கியபோது அந்த மதிலைப் புதிதாகப் பார்த்தேன். இதுவும் ஒரு நாள் கடைகளாகலாம். அந்த நினைப்பு எனக்குப் பெரிய துக்கமாக இல்லை. திருச்சியில் கட்டிடம் போய்விட்டது, அங்கே பின்னம் சொல்லிக்கொடுத்தவள் சாத்தார வீதியில் தராசு பிடித்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் முதல் வாரம் கோதை டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கணக்கில் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வரதராஜன் வந்தார். தன் தாயாருக்கு உடம்பு சரியில்லை, பேத்தியைப் பார்க்க வேண்டும் என்கிறார், இன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்றார். பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். மதர் அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, தாமே படியேறி மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கூடவே கோதையும் வந்தாள். "பரீட்சை முடிஞ்சு சனிக்கிழமை வரேம்பா. பாட்டிகிட்ட சொல்லுங்க," என்றாள்.

வரதராஜன் மதரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். காப்பியைக் குடித்து முடித்தார். சனிக்கிழமை காலை முதல் வண்டியில் மறுபடியும் வந்தார்.